நாள் கடத்தியதன் விலை: 1931 மே முதல் செப்டம்பர் வரை

பெருமந்தத்தின் வரலாற்றை 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்ததிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால், கடுமையான வணிக மந்தமாக இருந்தது உலகப் பேரிடராக முற்றியது 1931 மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும் இடையில்தான். வங்கிகளின் பலவீனத்துக்குச் சற்றும் குறையாத சேதத்தை, அரசுகள் பேரம் பேசிக் கடத்திய நாள்களும் விளைவித்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மே 11 அன்று வியன்னாவின் கிரெடிட் அன்ஸ்டால்ட் வங்கி 14 கோடி ஆஸ்திரிய ஷில்லிங் நட்டத்தை அறிவித்தது. 1855இல் ராத்ஸ்சைல்டு குடும்பத்தார் நிறுவிய இவ்வங்கியின் கடனையும் முதலீட்டையும் நம்பியே ஆஸ்திரியத் தொழில்களில் பெரும்பகுதி இயங்கியது. 1929இல் நொடித்துப்போன இன்னொரு பெரிய வங்கியை அரசின் வற்புறுத்தலால் ஏற்றுக்கொண்டபோதே அதன் அடித்தளம் ஆட்டம் கண்டிருந்தது.

வெளிநாட்டுக் கடன் உடனே கிடைத்திருந்தால் பீதி அடங்கியிருக்கக்கூடும். ஆனால் அவ்வாண்டு மார்ச்சில்தான் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சுங்க ஒன்றியம் அமைக்கும் திட்டத்தை வெளியிட்டிருந்தன. இரு நாடுகளும் ஒன்றாவதற்கான முதற்படி அது என்று பிரான்ஸ் அஞ்சியது. பணம் வேண்டுமானால் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்றது. தன் மண்ணில் நான்காண்டுப் போரைக் கண்ட நாட்டின் அச்சத்தைக் குறைகூற முடியாது. அந்த அச்சத்துக்கு ஒரு வங்கியின் நெருக்கடியை ஆயுதமாக்கியதுதான் பிழை. ஜூன் 16 அன்று இங்கிலாந்து வங்கி 15 கோடி ஆஸ்திரிய ஷில்லிங் கொடுத்தது. அதற்குள் பீதி பெர்லினை எட்டிவிட்டது.

ஜூன் 20 அன்று அமெரிக்க அதிபர் ஹூவர், போர் இழப்பீடுகளையும் அரசுகளுக்கிடையிலான போர்க்கடன்களையும் ஓராண்டுக்கு நிறுத்திவைக்கலாம் என்று முன்மொழிந்தார். பிரான்ஸ் ஜூலை 6 வரை இழுத்தடித்தே இசைந்தது. ஜூலை 13 அன்று ஜெர்மனியின் பெரிய வங்கிகளுள் ஒன்றான டனாட் வங்கி கதவை மூடியது. அடுத்த இரு நாள்கள் நாடு முழுவதும் வங்கிகள் மூடப்பட்டன.

ஜெர்மனியில் லண்டன் வங்கிகளின் பணம் முடங்கியதால் பிரிட்டிஷ் நாணயமான பவுன் மீதான நம்பிக்கை தளர்ந்தது. ஜூலை 31 அன்று வெளியான பிரிட்டிஷ் அரசின் செலவுகளை ஆராய மே என்பவர் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கை 12 கோடி பவுன் பற்றாக்குறை வரும் என மதிப்பிட்டு, வேலையற்றோர் உதவித்தொகையைக் குறைக்கச் சொன்னது. அதில் பிளவுபட்டு ஆகஸ்ட் 24 அன்று தொழிற்கட்சி அரசு விழுந்தது. அதன் பிரதமராயிருந்த மக்டொனால்டே தேசியக் கூட்டரசின் பிரதமரானார்.

புதிய அரசின் சிக்கனத்தைக் கடற்படையின் சாதாரண மாலுமியிடம் பார்க்கலாம். பழைய விகிதத்தில் நாளொன்றுக்கு 4 ஷில்லிங் வாங்கியவருக்கு இனி 3 ஷில்லிங். அதாவது கால்பங்கு வெட்டு. உயர் அதிகாரிகளுக்கோ இதைவிடக் குறைந்த விகிதம். செய்தியைப் பலர் நாளிதழில்தான் படித்தார்கள். செப்டம்பர் 15 அன்று ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டனில் நின்ற போர்க்கப்பல்களை மாலுமிகள் கடலுக்குக் கொண்டுசெல்ல மறுத்தனர். பிரிட்டிஷ் கடற்படையே பணியாத செய்தி கேட்டு, லண்டனிலிருந்து பணம் இன்னும் வேகமாக வெளியேறியது. செப்டம்பர் 21 அன்று பவுனுக்கு ஈடாக நிலையான விலையில் தங்கம் தரும் தங்கத் திட்டத்தைப் பிரிட்டன் கைவிட்டது.

அன்றே சிம்லாவிலிருந்த இந்திய அரசு, தங்கமோ ஸ்டெர்லிங்கோ (பவுனோ) விற்கும் கடமையிலிருந்து தன்னை விடுவித்து அவசரச் சட்டம் பிறப்பித்தது. லண்டனில் இந்தியா மந்திரி சாமுவேல் ஹோர் ரூபாயை ஸ்டெர்லிங்குடனேயே பிணைப்பதாக அறிவித்தார். வட்டமேசை மாநாட்டுக்காகக் காந்தி அப்போது அந்நகரில்தான் இருந்தார். வைஸ்ராயின் நிர்வாகக் குழு எதிர்த்தும் லண்டனின் முடிவே நின்றது. ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற விகிதம் மாறவில்லை. பவுனோடு ரூபாயும் இறங்க, தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. விளைபொருள் விலை படுத்துக் கிஸ்தியும் வட்டியும் கட்ட வழியற்ற குடியானவர்கள் வீட்டு நகையை விற்றார்கள். 1931-32 நிதியாண்டில் சுமார் 58 கோடி ரூபாய் மதிப்புள்ள தங்கம் இந்தியாவை விட்டு வெளியேறியது. ஸ்டெர்லிங் மீண்டும் நிமிர அது கைகொடுத்தது.