ஏழில் கோத்த எண்மாலை

ஒசூருக்கு வடக்கே விரிந்து கிடக்கும் கன்னட நாட்டை, ஒன்பதாம் நூற்றாண்டில் இராஷ்டிரகூட வேந்தன் அமோகவர்ஷன் ஆண்டான். அவன் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித மேதை மகாவீராசாரியர். அவர் வடமொழியில் இயற்றிய 'கணித சார சங்கிரகம்' வர்த்தமான மகாவீரரை வணங்கித் தொடங்குகிறது.

அந்நூலின் பெருக்கல் பகுதியில், 142857143 என்னும் எண்ணை ஏழால் பெருக்குமாறு கூறுகிறார். விடை 1000000001, அதாவது நூறு கோடியே ஒன்று. இரு முனையிலும் ஒன்று, இடையே எட்டுச் சுழியங்கள். எப்பக்கமிருந்து படித்தாலும் மாறாத இத்தகைய விடைகளை அவர் கழுத்தணி என்கிறார்.

இவ்வழகு தற்செயலன்று. 1001-ஐ 999001-ஆல் பெருக்கினாலும் அதே எண் வரும். 1001 என்பதோ 7, 11, 13 ஆகிய மூன்றின் பெருக்கம். ஆகவே ஏழு மட்டுமன்றி, பதினொன்றும் பதின்மூன்றும் அப்பேரெண்ணை மீதியின்றி வகுக்கும்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் சுவடிகளில் வாழ்ந்த இந்நூலை, மா. இரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912-இல் சென்னையில் அச்சேறியது. சாத்திர தானத்தைப் பேரறமாகப் போற்றுவது சமணம். ஏடு பெயர்த்தெழுதியோர் ஓர் இலக்கம் பிழைத்திருப்பினும் அம்மாலை அறுந்திருக்கும். அறாமல் நம் கைக்கு வந்தது அவர்தம் கொடை. அதைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் நம் கடன்.