‘மோபில்’ சொல்லும் கதை



பிறமொழிச் சொற்களைக் கடன் வாங்கினால் நம் மொழி தேய்ந்து போகாதா என்று அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். இளமையில் எனக்கும் இந்த அச்சம் இருந்தது. அதைப் போக்கியது இந்தோனேசிய மொழியில் நான் கண்ட ஒரு சொல். மோட்டார்க் காரை அங்கே ‘மோபில்’ என்கிறார்கள்.

இதன் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘மொவேரே’ என்றால் அசைத்தல். ‘மோபிலிஸ்’ என்றால் எளிதில் அசையக்கூடியது. சலன புத்தியையும் அச்சொல் குறித்தது. நிலையற்ற மக்கள் கூட்டம் எனப் பொருள்படும் ‘மோபிலே வுல்குஸ்’ என்ற தொடரை 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வெட்டிச் சுருக்கி ‘மொப்’ ஆக்கினர். கும்பலை இகழும் சொல்லாயிற்று அது.

19ஆம் நூற்றாண்டில், தானே ஓடும் வண்டிக்குப் பெயர் தேடிய பிரெஞ்சுக்காரர், ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை இதனோடு ஒட்டி ‘ஓட்டோமொபில்’ என்றனர். ஒல்லாந்தர் அதை வாங்கிப் பேச்சிலே ‘ஓட்டோ’ எனச் சுருக்கினர். அவர்களின் ஆட்சிக்குட்பட்ட இந்தோனேசியாவிலும் ‘ஓட்டோ’ வழங்கியதுண்டு. ஆனால் நிலைத்தது, ஒல்லாந்தர் உதறிய பிற்பாதிதான்.

அம்மக்கள் சொற்களுக்கு அஞ்சியவர்களல்லர். 1928 ஒக்டோபர் 28ஆம் திகதி பத்தாவியாவில் கூடிய இளைஞர்கள், மிகப் பலரின் தாய்மொழியான ஜாவா மொழியை விடுத்து, துறைமுகங்களிலும் சந்தைகளிலும் வழங்கிய மலாய் மொழியையே ‘இந்தோனேசிய மொழி’ என ஏற்றனர். சந்தையில் வளர்ந்த மொழிக்குக் கொடுக்கல் வாங்கல் புதிதா? நம்முடைய ‘கப்பல்’ கூட அங்கே எப்போதோ கரை சேர்ந்துவிட்டது.

1942இல் யப்பானியர் வந்து ஒல்லாந்த மொழியைத் தடை செய்தனர். பின்னர் ஒல்லாந்தர் ஆட்சியும் ஒழிந்தது. ‘மோபில்’ மட்டும் போகவில்லை. அதற்குள் அது ஊர்ச்சொல்லாகிவிட்டது. இரட்டித்து ‘மோபில்-மோபில்’ என்றால் கார்கள். ஈற்றில் ‘அன்’ சேர்த்து ‘மோபில்-மோபிலன்’ என்றால் பிள்ளைகள் உருட்டி விளையாடும் பொம்மைக் கார்! உரோமாபுரிப் புலவர் உயிர்த்து வந்தாலும் இது அவருக்கு விளங்காது. குழந்தையின் வாயில் குடிபுகுந்த சொல்லை எந்த அரசு நாடு கடத்தும்?

நாமும் ‘பஸ்ஸுக்கு’, ‘காரில்’ என்கிறோம். சொல் இரவல், உருபு நம்முடையது. அன்பருக்கு என் விடை இதுவே: வாங்கிய சொல்லைத் தன் இலக்கணத்துக்குள் அடக்க வலுவுள்ளவரை மொழிக்குக் கேடில்லை. அந்த வலு குன்றும் நாளில் நானும் உங்களோடு சேர்ந்து அஞ்சுவேன்.