ரொமான்ஸ்: ஒரு சொல் வந்த வழி

ரொமான்ஸ் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் காலனிப் பெரியோர் முகஞ்சுளிப்பதும் இளைஞர் புன்முறுவல் பூப்பதும் இயல்பு. சினிமா விளம்பரங்கள் அதற்குக் காதல் என்ற ஒரே பொருளைத்தான் நமக்குக் கற்பித்துள்ளன. ஆயின் அச்சொல் பிறந்த காலத்தில் காதலுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது ஒரு மொழியின் பெயர். அதுவும் கற்றோர் மதியாத மொழியின் பெயர்.

மேற்கு ரோமாபுரிப் பேரரசு ஐந்தாம் நூற்றாண்டில் வீழ்ந்த பின்னரும் இலத்தீன் மொழி அரியணையினின்று இறங்கவில்லை. தேவாலயத்திலும் ஏட்டிலும் அதுவே ஆட்சி புரிந்தது. ஆனால் உழவரும் வணிகரும் வீட்டுப் பெண்டிரும் பேசிய இலத்தீன், தலைமுறைதோறும் திரிந்து வேறாயிற்று. 813-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுத் தூர் நகரில் கூடிய பாதிரிமார் சபை, பிரசங்கங்களை நாட்டுப்புற ரோமானிய மொழியிலோ ஜெர்மானிய மொழியிலோ பெயர்த்துச் சொல்ல வேண்டும் என விதித்தது. இலத்தீன் வழிவந்த மக்களுக்கே இலத்தீன் விளங்காமற் போயிற்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அடுத்த நிகழ்ச்சி இன்னும் சுவையானது. சார்லமேன் சக்கரவர்த்தியின் பேரர்களாகிய லூயியும் சார்லசும், தம் தமையன் லோதேருக்கு எதிராக 842-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் ஸ்டிராஸ்பர்க் நகரில் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஜெர்மானியப் படைக்குத் தலைவனான லூயி, ரோமானியப் பேச்சில் சத்தியம் செய்தான்; மேற்குப் பகுதியை ஆண்ட சார்லஸ், ஜெர்மானியத்தில் சத்தியம் செய்தான். ஏன்? எதிரே நிற்கும் தம்பியின் படைவீரனுக்கும் அண்ணனின் படைவீரனுக்கும் சொல் விளங்க வேண்டும் அல்லவா! நித்தார்டு என்பார் தம் வரலாற்றை இலத்தீனில் எழுதினும், இவ்வாக்குறுதிகளை மட்டும் பேசிய மொழியிலேயே பொறித்து வைத்தார். பிரெஞ்சு மொழியின் மிகப் பழைய சாசனம் இதுவே. மும்மொழிப் பலகைகளின் நடுவே காலம் தள்ளும் இரயில்வே குமாஸ்தாவாகிய அடியேனுக்கு, இச்செய்தியைப் படிக்குந்தோறும் வியப்பு குறைவதில்லை.

இவ்வாறு பேசப்பட்ட மொழிக்கு, ரோமானிய முறையில் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ரொமான்ஸ் என்ற பெயர் வந்தது. இலத்தீன் நூலை மக்கள் பேச்சில் பெயர்த்தலை, ரொமான்சில் இடுதல் என்றனர். 1155-ஆம் ஆண்டு வாஸ் என்னும் புலவர் பிரித்தானிய மன்னர் கதையை அவ்வாறே பாடி முடித்தார். பின்னர் கிரெத்தியான் தெ திரோயே ஆர்தர் மன்னனின் வீரர்களைப் பாடினார். வாள்வீரமும் மாயமும் உயர்குலப் பெண்ணிடம் கொண்ட பக்தியும் அக்கதைகளில் மலிந்திருந்தமையால், மொழியின் பெயர் கதையின் பெயராயிற்று. காதல் நுழைந்த வாயில் இதுதான்.

இதன்பின் ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி பொருள் கொண்டது. ஸ்பெயினில் அது கதைப்பாட்டு. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ரொமான் என்பது நாவல். 1605-இல் முதற்பாகம் வெளிவந்த செர்வாண்டிசின் டான் குயிக்சாட், இத்தகைய வீரக்கதைகளைப் படித்து அறிவு திரிந்தவனைப் பற்றியது. ஆங்கிலத்திலோ, நடந்திருக்கக்கூடியதைச் சொல்வது நாவல், அற்புதத்தைச் சொல்வது ரொமான்ஸ் எனக் கிளாரா ரீவ் அம்மையார் 1785-இல் வகுத்தார். 1798-இல் ஜெர்மனியில் ஷ்லேகல் சகோதரர் தம் பத்திரிகையில் தொடங்கிய இலக்கிய இயக்கத்திற்கும் இதே வேர்ச்சொல்தான். இருவர் நேசத்தையே இச்சொல்லால் குறிப்பது இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்ற வழக்கு. வந்தவற்றுள் இளையது, எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

இங்கே பிறந்த நம் குழந்தைகளின் தமிழைக் கேட்டு ஊரிலிருந்து வரும் உறவினர் நகைப்பதுண்டு. அவர்கள் மேற்கூறிய வரலாற்றைச் சற்றே நினைப்பார்களாக! கொச்சை எனப்பட்ட பேச்சுகளே பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துகீசியம், ருமேனியம் என வளர்ந்தன. ஆனால் அம்மொழிகளைப் பேசியோர் அவற்றைப் பேசாது விட்டாரில்லை. நாம் வீட்டிலும் பேசுவதில்லையே, அது வேறு கவலை.

மூலப்பொருள் முற்றும் மறையவில்லை. சுவிட்சர்லாந்தின் கிழக்கு மலைகளில் ரொமாஞ்சு என்றொரு மொழி இன்றும் வழங்குகிறது. அதைப் பேசுவோர் ஒரு இலட்சத்திற்கும் குறைவு. எனினும் 1938-ஆம் ஆண்டு அந்நாட்டு மக்கள் வாக்களித்து அதைத் தேசிய மொழிகளுள் நான்காவதாக ஏற்றனர். அங்கே சிற்றூர்ப் பள்ளிகளில் குழந்தைகள் அம்மொழியிலேயே எழுத்தறிகின்றனர்.