கேட்டால் சொல்கிறான், தானாகக் கேட்பதில்லையே! ஆட்டிசம் குழந்தைகளும் பேச்சும்

படத்தைக் காட்டி "இது என்ன?" என்றால் "பந்து" என்கிறான். அதே பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டுபோனால் அழுகிறானே தவிர, "பந்து" என்று கேட்பதில்லை. சூரத்துல் இக்லாஸை ஒரு எழுத்து பிசகாமல் ஓதும் பிள்ளை, தாகத்துக்குத் தண்ணீர் கேட்பதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இது அடிக்கடி காணப்படுவது. மனப்பாடம் வேறு, தேவைக்குப் பேசுவது வேறு.

1960களில் அமெரிக்காவில் பரவிய பயிற்சி, குழந்தையை மேசை முன் உட்கார வைத்துக் கேள்வி கேட்பது. வார்த்தைகள் வந்தன. ஆனால் பல குழந்தைகள் கேள்வி வந்தால்தான் வாய் திறந்தார்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரும் பாலர் பள்ளிகளில் வேறு வழியைக் கையாண்டு 1975இல் விரிவாக எழுதினார்கள். குழந்தை தானாக ஒன்றை நாடும் நேரமே பாட நேரம் என்பது அவர்கள் முறை. பின்னாளில் ஆட்டிசம் குழந்தைகளுக்கும் அது பயன்பட்டது.

இதை வீட்டிலேயே செய்யலாம். நம்மூர் கருப்பட்டி மிட்டாயைக் கண்ணாடி போத்தலில் போட்டு, மூடியை இறுக்கி, கண்ணில் படும்படி வையுங்கள். பிள்ளை போத்தலைத் தூக்கிக்கொண்டு வருவான். உடனே திறக்காதீர்கள், பேசவும் வேண்டாம். முகத்தைப் பார்த்து ஐந்து, பத்து நொடி காத்திருங்கள். சொல்லவில்லையா? "மிட்டாய்" என்று நீங்களே சொல்லிக் கொடுங்கள். "மி" என்றாலும் போதும், அந்த நொடியே கையில் இருக்க வேண்டும். சொன்னால்தான் தருவேன் என்று அழவிடுவது பயிற்சி அல்ல. ஒவ்வொரு முறையும் "என்ன வேணும்?" என்றும் கேட்காதீர்கள், பிறகு அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பான்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. "தண்ணி வேணுமா?" என்று நாம் கேட்டதையே திருப்பிச் சொல்லித் தண்ணீர் கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். திருத்தாதீர்கள், திட்டாதீர்கள். அவன் சொல்ல வேண்டிய வடிவத்திலேயே, "தண்ணி வேணும்" என்று சொல்லிக்கொண்டே கொடுங்கள்.

கூட்டுக் குடும்பத்தில் உம்மா ஒரு பக்கம், ராத்தா ஒரு பக்கம், பிள்ளை கை நீட்டும் முன்பே எல்லாம் வந்துவிடுகிறது. பாசம்தான், ஆனால் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. வளைகுடாவில் இருக்கும் வாப்பாமார்களும் வீடியோ காலில் "ஏபிசிடி சொல்லு" என்று பரீட்சை வைக்காமல், கையால் முகத்தை மறைத்துக்கொண்டு "வாப்பா" என்ற அழைப்புக்குக் காத்திருந்து பார்க்கலாம்.

எல்லாப் பிள்ளைகளும் வாயால் பேசிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. படம் காட்டிக் கேட்பதும் சைகையும் மொழிதான், அவை பேச்சைத் தடுப்பதில்லை. சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலியில் குழந்தை படத்தைத் தொட்டால் அது குரலாகிறது.

"ஆம்பளைப் புள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று ஆண்டுகளைக் கடத்துவதுதான் பெரிய நஷ்டம். 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் ஆரம்பநிலைப் பயிற்சி பற்றி விசாரிக்கலாம். சென்னை அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் 'நிப்மெட்' நிறுவனம் இருக்கிறது. ஆட்டிசம் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. சான்றிதழ் பெற்றால் 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு.