பதினான்கு வருடம் பிடித்த பத்து வரிகள்

அகராதியில் ‘மழை’யைத் தேட யாரும் முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதில்லை. நடுவில் பிரிப்போம். ‘ந’ வந்தால் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதிக்குப் போவோம். வரிசைப்படுத்திய பட்டியலை இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவதற்கு பைனரி சர்ச் என்று பெயர். பத்து லட்சம் பெயர்கள் இருந்தாலும் 20 ஒப்பீடுகளில் வேலை முடிந்துவிடும். ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். இதன் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

எனியாக் கணினியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் மாக்லி, 1946ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பள்ளி உரைகளில் இதைப் பேசினார். அதன்பின் வெளியான வடிவங்கள் எல்லாம் பட்டியலின் நீளம் 7, 15, 31 என்று இருந்தால் மட்டுமே ஓடின. நடுவில் ஒன்றை எடுத்தால் இரு பக்கமும் சமமாக மிஞ்சும் எண்கள் அவை. எந்த நீளத்துக்கும் பொருந்தும் வடிவத்தை டெரிக் ஹென்றி லேமர் வெளியிட்டது 1960ல்தான்.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. ஜான் பென்ட்லி தன் வகுப்புகளில் தொழில்முறை நிரலாளர்களிடம் இதை எழுதச் சொன்னார். இரண்டு மணி நேரம் கொடுத்தும் பெரும்பாலானோர் எழுதியதில் பிழை இருந்தது. 1986ல் வந்த ‘புரோகிராமிங் பேர்ல்ஸ்’ நூலில் அவரே ஒரு வடிவத்தை எழுதி, அது சரி என்று படிப்படியாக நிறுவியும் காட்டினார்.

2006ல் ஜோஷுவா பிளாக் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பென்ட்லியின் நிரலிலும், ஜாவா நூலகத்துக்காகத் தானே எழுதிய நிரலிலும் ஒரே பிழை! நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா, அங்கேதான் சிக்கல். 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2147483647. கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும். பட்டியல் சுமார் 107 கோடி உறுப்புகளைத் தொடும்வரை இது வெளியே தெரியாது. ஜாவாவில் ஏறக்குறைய ஒன்பது வருடம் பதுங்கியிருந்தது. மருந்து என்னவோ சின்னதுதான்: எல்லைகளின் வித்தியாசத்தைப் பாதியாக்கிக் கீழ் எல்லையோடு கூட்ட வேண்டும்.

பென்ட்லியின் நிறுவல் கணிதத்தில் தப்பில்லை. கணித எண்களுக்கு முடிவில்லை, கணினியின் எண்களுக்கு உண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

நிரல்மொழிகள் வரும், போகும். ‘தேடுவது இருந்தால், இந்த இரு எல்லைகளுக்குள்தான் இருக்கும்’ என்று ஒவ்வொரு படியிலும் உறுதிசெய்யும் பழக்கமும், அடியிலிருக்கும் இயந்திரம் எப்படி எண்ணுகிறது என்ற அறிவும் எந்த மொழிக்குப் போனாலும் கூடவே வரும். அடிப்படை என்பதை எளிமை என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பத்து வரிகளே சாட்சி.