கான்கிரீட்டுக்குள் உறங்கும் கிருமி



கட்டட வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "சார், பாக்டீரியா கலந்தா கான்கிரீட் விரிசல் தானா மூடிக்குமாமே, நெசமா? ஒருத்தர் வந்து விக்கிறார்" என்றார். "கிருமி இருக்கு, கையைக் கழுவு" என்று உங்களை விரட்டி விரட்டியே பணி ஓய்வு பெற்றவன் நான். எனக்கே சிரிப்பு வந்தது. உட்கார்ந்து படித்துப் பார்த்தேன்.

1973-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் மூவர் நேச்சர் இதழில் ஒரு செய்தி எழுதினார்கள். சுற்றிலும் கால்சியம் இருந்தால் மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் சுண்ணாம்புக்கல் படிகத்தை உண்டாக்கும்; அது அபூர்வமல்ல, பொதுவான குணம்தான் என்றார்கள். இதைக் கட்டடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1993-இல் தூவார் ஊரின் புனித மெதார் தேவாலயக் கோபுரத்தில், 50 சதுர மீட்டர் பரப்பில் பாக்டீரியாவைத் தெளித்தார்கள். அரித்துப்போகும் கல்லின்மேல் மெல்லிய புதுத் தோல் படிந்தது.

கல்லுக்கு வெளியே தெளிப்பது சுலபம். சிமென்டுக்குள் பாக்டீரியா பிழைப்பதுதான் பெரும்பாடு. ஈர சிமென்டில் கை வைத்தவர்களுக்குத் தெரியும், தோலையே அரித்துவிடும். அவ்வளவு காரம். 2001-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் விரிசலை பாக்டீரியா கலந்த மணலால் அடைத்துப் பார்த்தார்கள். (அந்தக் கட்டுரையில் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன் என்ற பெயர்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்!) மேலோட்டமான விரிசலில் நன்றாக வேலை செய்தது. ஆழத்தில் அவ்வளவாக இல்லை. அங்கே காற்று போதவில்லை.

அடுத்து வந்தவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்து ஹென்ட்ரிக் யோங்கர்ஸ். 2006 வாக்கில் தொடங்கினார். காரத்தைத் தாங்கும் பாக்டீரியாவை ஸ்போர் என்னும் உறங்கும் நிலையில், கால்சியம் லாக்டேட் என்ற தீனியோடு கலவையில் போட்டார். விரிசல் விட்டு உள்ளே தண்ணீர் வந்ததும் கிருமி விழிக்கும், தீனியைத் தின்னும், சுண்ணாம்புக்கல்லாக விரிசலை அடைக்கும். அப்போது ஆக்சிஜனையும் அதுவே எடுத்துக்கொள்வதால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிப்பதும் குறையும்.

ஆனால் நேராகக் கலந்த ஸ்போர்கள் சில மாதங்களுக்குமேல் தாங்கவில்லை. கான்கிரீட் இறுக இறுக உள்ளே இருக்கும் நுண்துளைகள் சுருங்கி அவற்றை நசுக்கிவிட்டன. அதனால் சுட்ட களிமண் உருண்டைகளுக்குள் வைத்துக் கலந்தார்கள். தண்ணீரில் 100 நாள் வைத்ததும் 0.46 மி.மீ. அகல விரிசல் மூடியது. பாக்டீரியா இல்லாத கலவையில் 0.18 மி.மீ. வரைதான். ஆம், சாதாரண சிமென்டுக்கும் கொஞ்சம் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் குணம் உண்டு! இதில் ஒரு வேடிக்கை: ஜல்லிக்குப் பதில் அந்த லேசான உருண்டைகளைப் போட்டால் கான்கிரீட்டின் தாங்குதிறன் குறையும். ஆயுளைக் கூட்டப்போய் பலத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

"விக்கிறவர்கிட்ட எத்தனை மில்லிமீட்டர் விரிசல் மூடும், தூண் பலம் எவ்வளவுன்னு முதல்ல கேளுப்பா" என்று அந்த மாணவரிடம் சொல்லிவிட்டேன். ஜல்லி, கம்பி, தண்ணீர் ஊற்றுவதில் கையைக் கடித்துவிட்டு இதை நம்பி வீடு கட்டாதீர்கள்.

எங்கள் வீட்டு சன்ஷேடு விரிசலில் என் பேரன் பென்சில் முனையையே நுழைத்துக் காட்டினான். அதற்குக் கொத்தனார் வியாழக்கிழமை வருகிறார்.