அடைவுக் கடையும் சட்டத்தின் இரு கேள்விகளும்

1852ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில், இலண்டன் மாநகரின் சோகோப் பகுதியில் குடியிருந்த அகதி ஒருவர் வெளியே செல்ல வழியின்றி வீட்டிலேயே தங்க நேர்ந்தது. நோய் காரணமன்று, அவருடைய மேலங்கி அடைவுக் கடையில் இருந்தது. இச்செய்தியைத் தம் நண்பர் ஏங்கல்சுக்குக் கடிதத்தில் தெரிவித்த அந்த அகதி, கார்ல் மார்க்ஸ். பதினைந்து ஆண்டுகளின் பின் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தின் தொடக்க அத்தியாயத்தில், பண்டத்தின் மதிப்பை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் துணியும் மேலங்கியுமாகும். மேலங்கியின் மதிப்பை அவர் ஏட்டில் மட்டும் கற்றவரல்லர்.

அடைவுக் கடையைப் பொருளாதார நூல்கள் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பிலே தள்ளிவிடுகின்றன. ஆயினும் உழைக்கும் மக்களின் வாழ்வில் அது வகித்த இடம் சிறிதன்று. வங்கியின் வாசற்படியை மிதிக்க இயலாத மனிதனுக்கு அதுவே வங்கியாக இருந்தது. அவன் உடுத்த துணியும் பயன்படுத்திய கருவியுமே அவனுடைய வைப்புப் பணமாயின. இத்தொழிலை அரசு உத்தரவுச் சீட்டு வழங்கி ஒழுங்குபடுத்த முற்பட்ட வரலாற்றை ஆராயும்போது, நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: சட்டம் யாரைப் பாதுகாக்க எழுந்தது?

இங்கிலாந்தின் சட்டங்களை நோக்கினால், அவற்றினுள் இரு கேள்விகள் பின்னிக் கிடப்பதைக் காணலாம். முதலாவது, ‘இப்பொருள் களவு போனதா?’ என்பது. அது உடைமையாளன் கேட்கும் கேள்வி. இரண்டாவது, ‘இதற்கு வாங்கும் வட்டி எவ்வளவு?’ என்பது. அது கடன்படுபவன் கேட்கும் கேள்வி. முதற் கேள்வியே காலத்தால் முந்தியது. 1603இல் முதலாம் ஜேம்ஸ் மன்னன் காலத்தில் தரகர்களுக்கு எதிராக இயற்றப்பட்ட சட்டம், இலண்டனிலும் அதன் அண்டையிலும் களவுப் பொருளைத் தரகரிடம் விற்றாலும் அடைவு வைத்தாலும் உரிமை மாறாது என்று விதித்தது. பொருளைப் பறிகொடுத்தவனின் உரிமையே அங்கு பேசப்பட்டது. வறுமையால் தன் சொந்தப் பொருளைக் கொண்டுவருபவனைப் பற்றி அச்சட்டத்துக்குக் கவலையில்லை.

1785இல் அடைவு பிடிப்போர் ஆண்டுதோறும் உத்தரவுச் சீட்டுப் பெறவேண்டும் என்ற விதி வந்தது. இலண்டனில் அதற்குக் கட்டணம் 10 பவுண். ஏனைய இடங்களில் 5 பவுண். இது அரசின் வருவாய்க்காக எழுந்த விதி. 1800ஆம் ஆண்டுச் சட்டமோ வட்டிக்கு வரம்பு கட்டியது. இரண்டரை ஷிலிங்குக்கு மாதமொன்றுக்கு அரைப் பென்னி, அதாவது ஆண்டுக்கு 20 வீதம், என அது நிர்ணயித்தது. இரண்டாவது கேள்வி இவ்வாறு சட்டத்தில் இடம்பெற்றதெனினும், முதற் கேள்வி மறையவில்லை.

பழஞ்சாமான் வியாபாரிகள் பற்றிய சட்டங்களில் அதன் வலிமை தெளிவாகத் தெரிகின்றது. பழைய உலோகம் வாங்குவோரை ஒழுங்குபடுத்த 1861இல் தனிச்சட்டம் பிறந்தது. 1871ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம் மேலும் ஒருபடி சென்று, பழைய ஈயத்தை 112 இறாத்தலுக்குக் குறைவாகவும், செம்பையும் பித்தளையையும் 56 இறாத்தலுக்குக் குறைவாகவும் அவ்வியாபாரிகள் வாங்கலாகாது எனத் தடுத்தது. கூரையிலிருந்து ஈயத் தகட்டை உரித்துச் செல்லும் கள்வன் சிறிய அளவிலேயே கொண்டுவருவான் என்பது இதன் தருக்கம். ஆனால் தெருவில் பொறுக்கியெடுத்த உலோகத் துண்டை விற்று அன்றைய உணவை வாங்கும் ஏழையும் சிறிய அளவிலேயே கொண்டுவருவான் அல்லவா? பெருந்தொகையாக விற்பவனை நேர்மையாளன் என்றும், கைப்பிடியளவு விற்பவனைச் சந்தேகத்துக்குரியவன் என்றும் எடைக்கற்களைக் கொண்டே சட்டம் தீர்மானித்தது.

இச்சந்தேகம் எத்தகையோரையும் விட்டுவைக்கவில்லை. ஆங்கிலேய சோசலிசவாதியான ஹைண்ட்மன் தம் நினைவு நூலில் கூறும் நிகழ்ச்சி இது. மார்க்ஸ் ஒருமுறை தம் மனைவியின் குடும்பத்துக்குரிய வெள்ளிப் பாத்திரங்களை அடைவு வைக்கச் சென்றாராம். பிரபுக்களின் இலச்சினை பொறித்த வெள்ளி, நலிந்த ஆடையணிந்த ஓர் அந்நியன் கையில் எவ்வாறு வந்தது என்று ஐயுற்று, அவரைப் பொலிசாரிடம் ஒப்படைத்தனராம். தன் பொருளைத் தன்னுடையது என்று நிறுவவேண்டிய கடமை வறியவனுக்கே உரியதாயிற்று.

1872ஆம் ஆண்டின் அடைவு பிடிப்போர் சட்டம் முந்தியவற்றைத் தொகுத்து அமைந்த முழுமையான சட்டமாகும். அதன் நற்கூறுகளை நாம் மறுக்கலாகாது. புதிதாகத் தொழில் தொடங்குபவர் தாம் நன்னடத்தையுடையவர் என்று உள்ளூர் நீதவான்களிடம் சான்று பெற்ற பின்னரே 7 பவுண் 10 ஷிலிங் செலுத்தி ஆண்டு உத்தரவுச் சீட்டைப் பெறலாம். கடைவாசலில் பெயரும் தொழிலும் எழுதப்படவேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவராகத் தோன்றும் பிள்ளைகளிடமும் குடிபோதையில் வருபவரிடமும் அடைவு பிடிக்கலாகாது. ஒவ்வோர் அடைவுக்கும் சீட்டுக் கொடுக்கவேண்டும். ஓராண்டும், அதற்குமேல் ஏழு நாளும் மீட்பதற்குத் தவணை உண்டு. இவையாவும் ஏழைக்குக் கிடைத்த உண்மையான பாதுகாப்புகளே.

ஆனால் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இரண்டு ஷிலிங்குக்கு மாத வட்டி அரைப் பென்னி. 24 பென்சுக்கு அரைப் பென்னி என்றால் ஆண்டுக்கு 25 வீதம். சட்டம் ஏட்டில் காட்டும் வீதம் இதுவே. உழைப்பாளி வீடுகளின் வழக்கமோ வேறு. ஞாயிறன்று உடுக்கும் நல்லாடையைத் திங்களன்று அடைவு வைப்பர். கூலி கிடைத்ததும் சனியன்று மீட்பர். மீண்டும் திங்களன்று வைப்பர். ஒரு வாரமேயாயினும் முதல் மாதத்து வட்டி முழுவதையும் அறவிடச் சட்டம் இடமளித்தது. சீட்டுக்கு வேறு அரைப் பென்னி. ஆகவே இரண்டு ஷிலிங் கடனுக்கு வாரந்தோறும் ஒரு பென்னி. ஆண்டுக்கு 52 பென்ஸ். வாங்கிய கடன் 24 பென்ஸ், அதற்குச் செலுத்தியது 52 பென்ஸ்! நூற்றுக்கு 216 வீதத்துக்கும் மேற்பட்ட இவ்வட்டி சட்டத்தை மீறியதால் வந்ததன்று. சட்டத்துக்கு அணுவளவும் பிசகாது நடந்ததால் வந்தது.

இன்னொரு விதியையும் நோக்குவோம். பத்து ஷிலிங்குக்கு மேற்பட்ட அடைவு தவணைக்குள் மீட்கப்படாவிடின், அதனைப் பகிரங்க ஏலத்திலேயே விற்கவேண்டும். கடனும் செலவும் போக எஞ்சிய தொகையை உடையவன் கேட்டுப் பெறலாம். பத்து ஷிலிங்கும் அதற்குக் குறைந்ததுமான அடைவோ, தவணை கடந்ததும் முற்றாகக் கடைக்காரனுக்கே சொந்தமாகிவிடும். தங்கக் கடிகாரம் வைத்தவனுக்கு ஏலமும் எச்சமும். போர்வை வைத்த பெண்ணுக்கு ஒன்றுமில்லை. சிறிய பொருள்களை ஏலத்துக்குக் கொண்டுசெல்வது செலவு மிக்கது என்று நியாயம் கூறப்படலாம். அச்செலவை யார் தலையில் சுமத்துவது என்ற இடத்திலேதான் சட்டத்தின் வர்க்கச் சார்பு புலப்படுகின்றது.

இச்சட்டம் இலண்டனில் நிறைவேறுவதற்கு ஓராண்டு முன்னர், பாரிஸ் நகரில் இதே பிரச்சினைக்கு வேறொரு விடை தேடப்பட்டது. ஐரோப்பாக் கண்டத்தில் அடைவுக் கடை தனியார் தொழிலாக மட்டும் இருக்கவில்லை. 1462இல் இத்தாலியின் பெரூசியா நகரில் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் தோன்றிய அறநிலைய அடைவகங்கள் பல நகரங்களுக்குப் பரவின. நிலமும் கைத்தொழிலும் மறுக்கப்பட்டு வட்டித் தொழிலுக்குத் தள்ளப்பட்ட யூதர்மீது வெறுப்பை வளர்த்த பிரசாரமும் அவற்றின் பிறப்போடு கலந்திருந்தது என்பதை மறத்தல் தகாது. பாரிசில் இத்தகைய அடைவகம் 1777இல் நிறுவப்பட்டது. 1870-71 முற்றுகையின் பசியில் நகர மக்களின் படுக்கையும் துணியும் தொழிற் கருவிகளும் அங்கே குவிந்தன.

1871 மார்ச்சில் அதிகாரத்துக்கு வந்த பாரிஸ் கம்யூன், அடைவுப் பொருள்களின் விற்பனையை முதலில் நிறுத்தியது. பின்னர் மே 6ஆம் திகதி ஆணையின்படி, ஏப்ரில் 25க்கு முன் 20 பிராங்குக்கு மேற்படாத தொகைக்கு அடைவு வைத்த உடை, தளபாடம், படுக்கை, புத்தகம், தொழிற் கருவி ஆகியன பணமின்றியே திருப்பியளிக்கப்படும் என அறிவித்தது. மே 12இல் தொடங்கிய அப்பணி, மே 28இல் கம்யூன் குருதியில் அமிழ்த்தப்பட்டதோடு முடிந்தது. குறுகிய அந்த நாள்களில் எல்லோரும் தம் பொருளை மீட்டுவிடவில்லை. எனினும் தச்சனின் உளியும் தையற்காரியின் ஊசியும் கடனுக்குப் பிணையாகக் கிடக்கலாகாது என்று ஓர் அரசு பிரகடனஞ் செய்தது.

நிலைத்து நின்று உலகெங்கும் சென்றது இலண்டன் சட்டமே. சென்னை மாகாணத்தின் 1943ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதே ஓராண்டும் ஏழு நாளும் இடம்பெற்றன. தமிழகத்து அடகுக் கடைப் பேச்சில் அது பழகிய தொடராகவே ஆயிற்று. இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அடைவு பிடிப்போர் கட்டளைச் சட்டம் எழுந்தது. 1961இல் சட்டப்படி நிறுவப்பட்ட மக்கள் வங்கி பின்னர் அடைவுத் தொழிலை மேற்கொண்டமை, தனியார் கையிலிருந்த ஒரு துறையில் பொதுத்துறை கால்பதித்ததைக் குறிக்கும். அது முன்னேற்றமே. ஆனால் 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில், வீட்டுச் செலவுக்காகக் காப்பையும் சங்கிலியையும் கழற்றிச் சென்ற பெண்களைப் பார்த்தவர்கள், உத்தரவுச் சீட்டும் கருமபீடமும் மாறினாலும் அடைவுக்கு மனிதரைத் துரத்தும் காரணம் மாறவில்லை என்பதை உணர்வர்.

கூலி வாழ்வுக்குப் போதாதபோது, அந்தக் குறையை நிரப்ப அடைவுக் கடை வருகின்றது. வட்டிக்கு வரம்பு வேண்டும், சீட்டு வேண்டும், ஏலத்தின் எச்சம் சிறிய அடைவுக்கும் கிடைக்கவேண்டும். இவற்றைக் கோருவது வீண்வேலையன்று. ஆயினும் திங்களன்று ஆடையை அடைவு வைக்கும் தேவை நீங்குவது, சனியன்று கிடைக்கும் கூலியைப் பொறுத்தே இருக்கின்றது.

மன்னர்களின் ஆட்சியாண்டுகளை மனனஞ் செய்யும் நம் மாணவர், ஓர் அடைவுச் சீட்டின் பின்புறத்தில் அச்சிடப்பட்ட நிபந்தனைகளையும் வரலாற்று ஆவணமாக வாசிக்கப் பழகவேண்டும். எந்தக் கேள்விக்கு அங்கே அதிக வரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.